நாற்பது நிமிட வாசகி

என் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார்: "வீட்டுல உக்காந்தே சம்பாதிக்கிறேன்னு கிளம்பறவன் முதல்ல..." முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது மறந்துவிட்டது. அதுதான் முக்கியமான பாதி போலிருக்கிறது.

பதினெட்டு வருடம் வெளிநாட்டுக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் வீடு திரும்பியிருந்தேன். இனி போவதில்லை என்று சபதம். பிழைப்புக்கு இணையத்தில் கட்டுரை. ஒருமுறை எழுதிப் போட்டால் போதும். எவ்வளவு நேரம் படிக்கிறார்களோ அதற்கேற்ப மாதாமாதம் காசு வந்துகொண்டே இருக்கும் என்றது அந்தத் தளம். நான் இரண்டு மொழியில் படித்தவன். இரண்டிலும் எழுதினேன். இரண்டிலும் யாரும் படிக்கவில்லை.

"எப்படிங்க போகுது?" என்பாள் மனைவி, ஜன்னலடியில் தையல் மெஷினை மிதித்தபடி. நான் இல்லாத வருடங்களில் முன்னறை அவளுடைய தையல் கடையாகியிருந்தது.

"சூடு பிடிக்குது."

"மூணு மாசமா பிடிக்குதே, இன்னும் கொதிக்கலையா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று மாத வருமானத்தில் ஒரு டீ குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல். பழைய கம்பெனியோ, மறுபடி வருகிறாயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று மெயில் அனுப்பியிருந்தது. அதையும் மறைத்தேன்.

அப்போதுதான் 'ஜன்னலோரம்' வந்தாள். புனைபெயர்தான். 'தனியறையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது எப்படி' என்ற என் கட்டுரையில் நாற்பது நிமிடம் இருந்தாள் என்று தளம் காட்டியது. நான்கு நிமிடக் கட்டுரை அது! கீழே ஒரு கேள்வி: 'அன்றைக்கெல்லாம் சாப்பிட்டீர்களா?'

பதினெட்டு வருடமும் போனில் இதே கேள்விக்கு மனைவியிடம் 'ஆச்சு' என்றே சொல்லியிருக்கிறேன். முன்பின் தெரியாதவளிடம் உண்மையை எழுதினேன்: பாதி ஞாயிறுகளில் இல்லை. ஒருத்தனுக்காக அடுப்பு பற்றவைக்க மனசு வராது.

தினமும் கேட்டாள். தினமும் எழுதினேன். மனைவியிடம் கொஞ்சம் பீற்றியும் கொண்டேன்.

"எனக்கு ஒரு வாசகி இருக்கா, தெரியுமா?"

"அழகா இருப்பாளா?"

"எழுத்துல ஒரு நிதானம். உன்னை மாதிரி படபடப்பு இல்ல."

"பாவம், காக்க வைக்காம பதில் போடுங்க." ஊசியில் நூல் கோத்தாள்.

புதன்கிழமை ஜன்னலோரம் கேட்டாள்: 'திரும்பிப் போக ஆசையா?'

'இல்லை. சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு, அவள் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை. ஆனால் நான் இல்லாமலே ஓட இந்த வீடு பழகிவிட்டது. விருந்தாளி மாதிரி இருக்கிறேன். வெள்ளிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளிடம் சொல்லவில்லை.'

வியாழன் காலை சமையலறையில் ஒரு நாற்காலி கிடந்தது. எதிரே பலகை, கத்தி, இரண்டு கிலோ வெங்காயம்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"பாக்க ஆசைன்னீங்களே. சும்மா பாத்தா பொழுது போகுமா? நறுக்குங்க."

"அப்ப... ஜன்னலோரம்?"

"மெஷின் வேற எங்க போட்டிருக்கேன்?"

"நாப்பது நிமிஷமும் நீயா படிச்சே?"

"நாலு நிமிஷம் படிச்சேன். மீதி நேரம் சட்டைக்குக் காஜா எடுத்தேன். போன் பக்கத்துல தொறந்தே கெடந்துது. உங்களுக்கும் நாலு காசு வரட்டுமேன்னுதான்."

"இதெல்லாம் நேர்ல கேட்டிருக்கலாமே."

"பதினெட்டு வருஷம் கேட்டேங்க. 'ஆச்சு'ன்னீங்க."

கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால், முதல் வெங்காயத்தை இன்னும் தொடவே இல்லை.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. என்ன பதில் போடப் போறீங்க?"

"நீ என்ன சொல்றே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்."

இரண்டு கிலோவையும் நறுக்கி முடித்துக் கை கழுவினேன். வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன்.