மீன் தொட்டி வெளிச்சத்தில் ஒரு கையெழுத்து

நடந்தது இதுதான்:

1. எங்கள் கம்பெனி முதலாளியின் மீன் தொட்டிக்கு நானே ஒரு விளக்கு மூடி செய்தேன்.
2. விளக்கு நன்றாக எரிந்தது.
3. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை.
4. நாலாயிரம் டி-ஷர்ட் செத்துப்போனது.
5. கூடவே எனக்கு வரவேண்டிய வேலையும்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். எழுதினால் குறுக்கே சிரிக்க முடியாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கிறேன். (இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஆனால்' போடாமல் எழுதப் பழகுவதற்கே மூன்று வருடம் பிடித்தது.) வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னார்: "இப்போதைக்கு செக்கிங் பாருங்க அம்மிணி. எலக்ட்ரிகல்ல எடம் வந்தா மொதல்ல உங்களுக்குத்தானுங்க."

இடம் வந்தது. எலக்ட்ரிகல் பொறுப்பில் இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுக் காங்கேயத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். காலியான நாற்காலிக்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் பூபதி, பெரியவருக்கு உதவியாளாக இருந்தவர், முதலாளிக்கு வெள்ளகோவில் பக்கத்து உறவு. பூபதி கெட்டவர் இல்லை. பிளக் கிடைக்காவிட்டால் ஒயரின் இரண்டு முனையையும் அப்படியே பாயிண்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்கிவிட்டுப் போகிற மனிதர். அவ்வளவுதான்.

எங்கள் இருவரிடமும் முதலாளி ஒரே மாதிரி சிரித்து, ஒரே மாதிரி "பாக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவர் அறையிலிருந்த மீன் தொட்டியின் விளக்கு புகைந்து போனது.

அது இரண்டடித் தொட்டி. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஆறு பேரட் மீன்கள். வடகிழக்கு மூலையில் தண்ணீரும் வெளிச்சமும் சேர்ந்திருந்தால் ஆர்டர் குவியும் என்று வாஸ்து பார்க்கிறவர் சொல்லி வைத்தது. கடையில் வாங்கும், விளக்குப் பொருத்திய மூடிகள் ஈரம் ஏறி ஏறிக் கெட்டன, இது மூன்றாவது. பூபதி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டிக்கு மேலே ஒரு டியூப்லைட்டைக் கட்டுக்கம்பியில் தொங்கவிட்டார். அந்த வெளிச்சத்தில் மீன்கள் அவித்த முட்டைபோல வெளுத்துத் தெரிந்தன.

முதலாளி தொட்டி முன்னால் நின்று கவலைப்பட்டார். "ஏனுங்க, மீனுக்கு ஏதாச்சும் சொகமில்லீங்களா?"

"மீன் நல்லாத்தான் இருக்குதுங்க சார். லைட்டுதான் சரியில்லீங்க. நான் செஞ்சு தர்றேனுங்க."

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். ஒரு நேர்முகத் தேர்வை நானே ஏற்பாடு செய்து, நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை தொழிற்சாலையானது. வேலை தொடங்குவதற்கு முன் பட்டியல் போட்டேன். (பட்டியல் போடாமல் நான் தலைகூடக் குளிப்பதில்லை.) வீட்டு மின்சாரம் தொட்டிப் பக்கமே போகக்கூடாது, பன்னிரண்டு வோல்ட் எல்.இ.டி. பட்டைதான். அடாப்டர் தொட்டிக்கு வெளியே, சுவரில். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே அக்ரிலிக் தகடு, விளிம்பு முழுக்க சிலிக்கான் பசை. சூடு போக அலுமினியப் பட்டை. ஒயரில் தண்ணீர் வழிந்தாலும் பிளக் பாயிண்டுக்குள் ஏறாமல் கீழே சொட்டும்படி ஒரு வளைவு. இரை போட முன்பக்கம் கீல் வைத்த சிறு கதவு. மொத்தம் பதினான்கு எச்சரிக்கைகள். பதினான்கையும் நிறைவேற்றினேன்.

அம்மா குழம்புச் சட்டியை வைக்க இடமில்லாமல் நின்றாள்.

"ஏங்கண்ணு, நம்மூட்டு பாத்ரூம் லைட்டு தீவாளியிலிருந்து எரியறதில்ல. ஓனரு மீனு இருட்டுல இருக்கக் கூடாதாக்கும்?"

"இது வேற விசயம்மா."

"ஆமா ஆமா. மீனுக்குத்தான் இருட்டுன்னா பயம். நம்மளுக்கென்ன."

நான் நிறத்தில் மூழ்கியிருந்தேன். பேரட் மீன் ஆரஞ்சாக ஜொலிக்க வேண்டுமென்றால் சிவப்பு எல்.இ.டி. அதிகம் வேண்டும், தண்ணீர் தெளிவாகத் தெரிய நீலம் வேண்டும், வெள்ளை பேருக்குக் கொஞ்சம் போதும். பச்சையைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டேன். நல்ல முடிவு. மீன் விஷயத்தில்.

திங்கட்கிழமை காலை மூடியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஆறு மீனும் தீப்பிடித்ததுபோல நின்றன. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்னுங்க அம்மிணி, மீனு மாத்திப் போட்டீங்களா!"

"அதே மீனுதானுங்க சார்."

டீ கொண்டுவந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். கணக்குப் பிரிவில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பூபதியையே கூப்பிட்டு, "பாருப்பா, படிச்சவங்க வேலைன்னா இதுதான்" என்றார். பூபதி குனிந்து ஒயரைத் தேடினார்; தீக்குச்சி எங்கேயும் இல்லாதது அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி முதலாளி சொன்னார்: "ஒண்ணாந் தேதியிலிருந்து எலக்ட்ரிகல் நீங்க பாத்துக்குங்க."

மூன்று வருடம் காத்திருந்த வாக்கியம். அதைச் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, சாயப்பட்டறைகளிலிருந்து துணித் துண்டுகள் வந்தன.

இங்கே ஒரு சிறு விளக்கம். பாசிப்பச்சை டி-ஷர்ட் ஆர்டர். உடம்புத் துணிக்கு ஒரு பட்டறையில் சாயம், கழுத்துப் பட்டைக்கு இன்னொரு பட்டறையில். இரண்டும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அதற்கென்றே கீழ்த்தளத்தில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. உள்ளே சாம்பல் வண்ணம் பூசி, பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்குகள் போட்டது. துணியை அதற்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் இரண்டு துணி ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும். வேறு விளக்கில் பார்த்தால் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பவள் நான்தான். "ஜன்னல்ல பாக்காதீங்க, டியூப்லைட்ல பாக்காதீங்க, பெட்டியில மட்டும் பாருங்க." அந்தக் கட்டடத்தில் விளக்கைப் பற்றியும் தெரிந்து, நிறத்தைப் பற்றியும் தெரிந்த ஒரே ஆள் நான்.

முதலாளி இரண்டு துண்டுகளையும் எடுத்துத் தொட்டியருகே நீட்டினார். "எதுக்குங்க கீழ போய்ட்டு? உங்க லைட்டுலயே பாருங்க. பகலாட்டம் இருக்குது."

உங்க லைட்டு. அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. நான் செய்த பொருளை நானே நம்பவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று ஒரு கூச்சம். பெட்டிக்குப் போக இருபத்திரண்டு படிகள். (பிறகு எண்ணினேன். பலமுறை.) நான் போகவில்லை. ஆறு மீன்களும் பார்த்துக்கொண்டிருக்க, பச்சை இல்லாத வெளிச்சத்தில் பச்சைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன். கடுகளவு வித்தியாசம் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

துணி வெட்டினார்கள். தைத்தார்கள். நடுவில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லர் அக்கா, "காலர் அலக் ஹை", காலர் வேறாக இருக்கிறது என்று, லைன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். அவர் என் கையெழுத்தைக் காட்டி, "டிசைன் ஐசா ஹை", டிசைனே அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். என் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை இருந்த காலம் அது.

பத்தாவது நாள் ஜெசிந்தா அக்கா பேக்கிங்குக்குப் போனார். வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரை அனுப்பி வைக்கிற பொறுப்பு அவருடையது. தூத்துக்குடிக்காரர், பதினைந்து வருடம் திருப்பூரில் இருந்தும் 'ங்க' ஒட்டவில்லை. ஒரு டி-ஷர்ட்டைக் கையில் பிடித்தபடி நேராக என்னிடம் வந்தார்.

"ஏளா, இது என்ன காலரு? வேற சட்டையில இருந்து அவுத்து வச்சுத் தச்சாங்களா?"

வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தோம். உடம்பு பாசிப்பச்சை. கழுத்து துருப்பிடித்திருந்தது. நாலாயிரம் கழுத்தும்.

முதலாளி அறையில் கூட்டம். அவர் டி-ஷர்ட்டை வாங்கி, பழக்கமாக மீன் தொட்டியருகே பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானுங்களே இருக்குது?"

ஜெசிந்தா அக்கா அதைப் பிடுங்கி, அறைக்கதவைத் திறந்து, வராந்தா வெயிலில் நீட்டினார். உள்ளே கொண்டுவந்து தொட்டியருகே நீட்டினார். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. ஒவ்வொரு முறையும் முதலாளியின் தலை கூடவே போய்வந்தது. நான்காவது முறை அவர் உட்கார்ந்துவிட்டார்.

பூபதிதான் முதலில் பேசினார். "மீன் லைட்டுல பாத்தா மீனுக்குத்தானுங்க மேட்ச் ஆகும். மனுசனுக்கு எப்படிங்க ஆகும்?"

டீ அக்கா சிரித்தார். கணக்குப் பிரிவு சிரித்தது. ஜெசிந்தா அக்காவேகூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தில் பூபதிக்கு நாற்காலி உறுதியானது என்பது என் கணக்கு.

நான் ஒரே ஒருமுறை வாய் திறந்தேன். "நீங்கதானுங்க சார் அங்கயே பாக்கச் சொன்னீங்க."

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நான் ஓனருங்க அம்மிணி. எனக்குத் துணியப் பத்தி என்னுங்க தெரியும்? அதுக்குத்தானுங்களே உங்கள வெச்சிருக்கறது." மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு வேலையில கை வெச்சா இப்படித்தானுங்க ஆகும். நீங்க செக்கிங்கையே நல்லாப் பாருங்க. எலக்ட்ரிகல் பூபதி பாத்துக்கட்டும்."

அதாவது, எந்த வேலையை நான் கெடுத்தேனோ அதில் என்னை வைத்தார். எந்த வேலையைச் சரியாகச் செய்தேனோ அதிலிருந்து எடுத்தார். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஒரு பட்டியல் தயாரித்தேன். ஐந்து குறிப்புகள். இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு படிகளைப் பற்றிய குறிப்பு வரும்போதெல்லாம் அதை மடித்து வைத்துவிடுகிறேன்.

டி-ஷர்ட்டுகள் காதர்பேட்டை மலிவுக் கடைகளுக்குக் கழிவு விலையில் போய்ச் சேர்ந்தன. முதலாளி பெருந்தன்மையாக எங்கள் வீட்டுக்கும் ஒரு மூட்டை அனுப்பி வைத்தார். சித்தப்பா, மாமா, மாமாவின் டிரைவர் எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சித்தப்பா கழுத்தைத் தடவிக் காட்டி, "இது எங்க புள்ள கையெழுத்துப் போட்ட சட்டைங்க" என்றார். (அவர்கள் திரும்பிக் கூப்பிடவில்லை. காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன்.)

ஜவுளிக்கடைக்குப் போனால் இன்றைக்கும் அம்மா சேலையை விரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்கிறாள்: "ஏனுங்க, இங்க மீன் தொட்டி ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?" அவர் இல்லை என்றதும், "அப்ப எடுத்துக்கலாம் கண்ணு" என்கிறாள். குடும்பமே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னும் நீளமாகச் சொல்வார்கள்.

பூபதி வாரத்துக்கு இரண்டு முறையாவது செக்கிங் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "ஏனுங்க, ஓவர்லாக் மிசின் லைன்ல அடிக்கடி டிரிப் ஆகுதுங்க. என்னுங்க பண்றது?" நான் சொல்கிறேன். அவர் போய்ச் சரிசெய்கிறார். சம்பளம் வாங்கும்போது மட்டும் அவர் குரலைத் தாழ்த்துவதில்லை.

மூடி இரண்டு வருடமாக எரிகிறது. ஒரு எல்.இ.டி.கூடப் போகவில்லை. அறைக்கு வருகிறவர்கள் இதை யார் செய்தது என்று கேட்டால், முதலாளி "எங்க எலக்ட்ரிகல் டிபார்ட்மெண்டுங்க" என்கிறார். நான் செக்கிங்கில் இருக்கிறேன்.