காரி பார்த்துச் சொன்ன புரொஜெக்டர்

வாங்கின பொருளைச் சும்மா பயன்படுத்தத் தெரியாத ஜென்மம் நான். மிக்ஸி வாங்கினால்கூட எல்லா ஸ்பீடையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் சட்னி அரைக்க விடுவேன். (அதுவரை வீட்டில் எல்லோரும் இட்லியை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.)

அப்படிப்பட்டவன் புரொஜெக்டர் வாங்கினால்? தருமபுரியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வாரமாகப் படமே ஓடவில்லை, சோதனைதான் ஓடியது. வேகமான காட்சி இழுபடாமல் வருகிறதா, சின்ன வீடியோவைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று ஒரே ஆராய்ச்சி. மனைவி கலைவாணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். நாளையோடு திருப்பி அனுப்பும் கெடு முடிகிறது, எங்க அண்ணன் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னா வெச்சுக்கலாம், இல்லைன்னா பெட்டியில் போட்டு அனுப்புங்க என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், காரிமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். எருது விடும் விழாவில் ஓடும் காரி என்ற கறுப்புக் காளை அவருடையது. காரி ஜெயித்த ஓட்டத்தை யாரோ பழைய போனில் எடுத்த வீடியோ, எந்தெந்த வாட்ஸ்அப் குரூப்பையெல்லாமோ சுற்றி நைந்துபோய் அவரிடம் இருந்தது. எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. வேகத்துக்கு வேகம், மங்கலுக்கு மங்கல். அதையே ஓட்டிக் காட்டி அவர் வாயாலேயே சரி என்று சொல்ல வைப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்கே போனோம். பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டாய்க்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். காரியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிடட்டுமா என்று மச்சான் கேட்டார். மாட்டுக்குப் படமெல்லாம் எங்க புரியப்போகுது மச்சான் என்று சிரித்தேன்.

முதல் தடவை காளை கட்டம் கட்டமாக வந்தது.

"இதென்னங்க மாப்ள, செங்கல்ல கட்டின மாடாட்டம் இருக்குது?" என்றார் மச்சான்.

படத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை மாற்றினேன். கொம்பு தெளிந்தது, கால் கரைந்தது. மோஷன் செட்டிங்கை ஏற்றினால் காளை எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது, இறக்கினால் விக்கி விக்கி வந்தது. எங்க காரி இப்படி ஓடாதுங்க என்று மச்சான் எழுந்தே விட்டார். கலைவாணி பெட்டியைத் தேடினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கெஞ்சி அவரை உட்கார வைத்து, மோஷனை நடுவில் நிறுத்தி, ஷார்ப்னஸைக் குறைத்து, மறுபடி ஓட்டினேன்.

அடடா, என்ன அழகு! குளம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. புழுதிகூடப் புழுதியாகவே பறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் நிஜக் காரி தலையைத் தூக்கியது. தன்னை நோக்கி ஒரு காளை ஓடி வருவதைப் பார்த்துப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. வேட்டி கொம்போடு போனது, ஒயர் காலோடு போனது, புரொஜெக்டர் கழனித்தண்ணித் தொட்டிக்குள் போனது. நான் வைக்கோல் போரின் உச்சியில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

காரியைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்த மச்சான் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"படம் நல்லாருக்குதுங்க மாப்ள. வெச்சுக்கோங்க."

(வீடியோவில் வந்த மேளச் சத்தத்துக்குத்தான் மாடு மிரண்டதாம், கலைவாணி சாதிக்கிறாள். சத்தத்தை நான் மியூட்டில் வைத்திருந்தேன். மிரண்டது படத்துக்குத்தான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.)

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் எது வாங்கினாலும், காரிகிட்ட காட்டியாச்சா என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் கலைவாணியின் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் மாப்பிள்ளை போட்டோவை வாங்கிக்கொண்ட மச்சான், காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோமுங்க என்றார். வந்தவர்கள், காரி யாரோ குடும்பத்துப் பெரியவர் என்று நினைத்து, பயபக்தியோடு தலையாட்டினார்கள்.