மூன்று பேருக்கு ஒரு கேள்வி

“மறுபடியும் கடைசியிலயா, சென்செய்?”

“மெதுவாப் பேசுங்கம்மா, பக்கத்து அறையில பூ அடுக்கற வகுப்பு—”

“நான் அச்சடிச்சப்போ நிரல்ல ரெண்டாவதா இருந்தேன்! இப்ப எப்படி—”

“இகராஷிக்கு நாலே முக்கால் ரயில். அதான் அவரை முன்னாடி—”

“எல்லாருக்கும் அதே நாலே முக்கால்தான்! நான் யாருக்குப் பேசறது, நாற்காலிக்கா?”

“நாற்காலி தூங்காது, அந்த மட்டும் லாபம்,” என்று சொல்லிவிட்டு, எல்லாரும் ‘சென்செய்’, அதாவது ஆசான், என்று கூப்பிடும் தலைவர் குரெபயாஷி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

ஜப்பானின் டொயாமா நகர மன்றத்தின் மூன்றாம் மாடியில், ஹொகுரிகு வட்டார ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால ஆய்வுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். வந்தவர்கள் பதினேழு. வந்ததற்குக் காரணம், மதியம் கொடுக்கும் மீன் சுஷி டப்பா என்று சொல்பவர்களும் உண்டு. அந்த டப்பாக்களுக்குச் சொல்லி வைப்பதிலிருந்து மைக் ஒயரை ஒட்டுவது வரை செய்பவள், இப்போது சண்டை போட்ட செயலாளர் மிசாவோ ததேனுமா. வயது அறுபத்து மூன்று. மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் தற்காலிக ஆசிரியை. நாற்பது வருடமாகத் தற்காலிகம்.

சங்கத்தை நிறுவியவர், உறுப்பினர்கள் குறட்டை விடுவதைப் பொறுக்க மாட்டாமல் ஒரு விதி எழுதிவிட்டுச் செத்துப் போனார். அவையிலிருந்து ஒரு கேள்வியாவது எழாத கட்டுரை ஆண்டு மலரில் ஏறாது. தலைவர் கேட்பது கணக்கில் சேராது. மூன்று முறை கேள்வி எழாவிட்டால் அந்தக் கட்டுரையைப் பிறகு கொண்டு வரவே கூடாது.

மிசாவோ முதல் முறை பேசியபோது, கேள்வி நேரத்தில் நிலநடுக்க ஒத்திகை மணி அடித்தது. இரண்டாம் முறை எல்லாரும் ரயிலுக்கு ஓடிவிட்டார்கள். இது மூன்றாம் முறை.

கட்டுரைக்கு அவள் கொடுத்தது பத்தொன்பது வருடம். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஜினேவ்ரா என்று ஒரு விதவை, பிரான்சில் கம்பளி விற்ற தன் அண்ணனுக்கு நாற்பத்தொரு கடிதங்கள் எழுதினாள். அண்ணன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பதில் வராது என்று தெரிந்தும் ஒருத்தி ஏன் எழுதிக்கொண்டே இருந்தாள் என்பதுதான் கட்டுரை. அது ஒரு முறை அச்சில் வந்துவிட்டால் போதும், அப்புறம் டப்பா எண்ண வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தாள்.

காலைத் தேநீரின்போது இகராஷியை ஜன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“என் இடத்தை எடுத்துக்கிட்டீங்க இல்ல? பதிலுக்கு ஒரு உபகாரம். பேச்சு முடிஞ்சதும் இதைக் கேளுங்க.”

இகராஷி அவள் நீட்டிய சீட்டைப் படித்தார். ‘அண்ணன் பதிலே எழுதவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?’

“இதுக்குப் பதில் இருக்கா உங்ககிட்ட?”

“பத்து நிமிஷத்துக்கு இருக்கு.”

“அப்ப சரி,” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மதியம், சுஷியை வாயில் வைத்தபடியே வந்தார். “ததேனுமா சான், மன்னிச்சுக்கணும். மாமியாரை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும்னு வீட்டுல போன். நாலே முக்காலை விட்டா பொண்டாட்டி என்னை உள்ளயே விட மாட்டா.”

மிசாவோ இன்னொரு சீட்டு எழுதினாள். அதை வாங்கிக்கொண்டவள் உள்ளூர்க்காரி ஹட்சுயே, எண்பத்து நாலு வயது, ரயில் ஏற வேண்டியதில்லை.

“கேக்கறதுக்கென்ன, கேக்கறேன். ஆனா மூணு மணிக்கு மேல எனக்குக் கண்ணு தானா சொக்கிடும்டி. பக்கத்துல யாராவது இடிச்சு எழுப்பினா உண்டு.”

ஹட்சுயேயின் பக்கத்து நாற்காலி நிஷிகோரியுடையது. தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்றபின் ரேடியோப் பாடம் கேட்டே இத்தாலிய மொழி கற்றுக்கொண்டு சங்கத்தில் சேர்ந்தார். பதினோரு வருடமாக வருகிறார், வாய் திறந்ததில்லை.

“நீங்க ரயில்ல போகலையே?”

“நான் ஆறு மணிப் பேருந்தும்மா. நானே உங்களைப் பார்த்து—”

“அப்பப் பாட்டியம்மா தூங்கினா எழுப்புங்க. எழுந்திருக்கலேன்னா நீங்களே இதைக் கேட்டுடுங்க.” மூன்றாவது சீட்டு.

“நான் வேற ஒண்ணு—”

“வேற எதுவும் வேணாம், நிஷிகோரி சான். நீங்க புதுசா ஏதாவது கேட்டு நான் முழிச்சேன்னா பத்தொன்பது வருஷம் போச்சு. இதுல இருக்கறதை மட்டும் கேளுங்க. அப்படியே.”

நிஷிகோரி இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக் குனிந்து வணங்கினார்.

நாலு மணிக்கு மிசாவோ மேடை ஏறினாள். நாலு ஐந்துக்குப் பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். நாலு பத்துக்கு எல்லார் கைபேசியும் ஒன்றாக உறுமியது.

“பனி! ரயிலை நிறுத்திட்டானாம்.”

“எத்தனை மணி வரைக்கும்?”

“தெரியாதாம்.”

முணுமுணுத்துக்கொண்டே கோட்டைக் கழற்றித் திரும்ப உட்கார்ந்தார்கள். இகராஷியும் உட்கார்ந்தார். மிசாவோ நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு தலை! பிறந்ததிலிருந்து அவளுக்கு அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அந்த மகிழ்ச்சியில் சீட்டுகளை மறந்தே போனாள். ஜினேவ்ராவைப் பற்றிப் பேசப் பேசக் குரல் தானாக ஏறியது. வேறு வழி இல்லாததால் எல்லாரும் கேட்டார்கள்.

“கேள்வி உண்டா?” என்றார் தலைவர்.

இகராஷி எழுந்தார். “அண்ணன் பதிலே எழுதலைன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“பத்தொன்பது வருஷம் தேடியாச்சு,” என்று தொடங்கினாள் மிசாவோ. பார்த்த பட்டியல்கள், எழுதிக் கேட்ட காப்பகங்கள், ஒன்று விடாமல் சொன்னாள். “ஒரு வரி கிடைக்கலை. இருந்திருந்தா என் கண்ணுல படாமப் போயிருக்காது.” ஒருவர் கை தட்டக்கூடத் தட்டினார்.

கை தட்டிய சத்தத்தில் ஹட்சுயே விழித்துக்கொண்டாள். விழித்ததும் எழுந்தாள். எழுந்ததும் சீட்டை நீட்டிப் பிடித்துப் படித்தாள்.

“அண்ணன் பதிலே எழுதவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

அவை சிரித்தது. மிசாவோவின் காது சிவந்தது. “அதாவது... இன்னொரு விதமாச் சொன்னா...” என்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே நிஷிகோரியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்துவிட்டார்.

சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணன்... பதிலே எழுதவில்லை என்று... எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

அவை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்து அறையிலிருந்து பூ வகுப்புப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன, இந்த வருஷம் கேள்வியும் டப்பாவோட வந்துதா?” என்றான் ஒருவன்.

குரெபயாஷி இறங்கி வந்து மூன்று சீட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அழகான கையெழுத்து, செயலாளரே. நம்ம அழைப்பிதழ்ல பார்த்த மாதிரி இருக்கு.”

மிசாவோ தரையைப் பார்த்தாள். “விதியில... கேள்வி எழணும்னுதான் இருக்கு, சென்செய்.”

“ஆமா. அதை யார் எழுதினதுன்னு ஆராய்ச்சி பண்ணச் சொல்லலை.” சட்டைப்பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்தார். “சிரிச்சது போதும், விடுங்க. மலருக்கு எடுத்தாச்சு. ஓட்டை இல்லாத கட்டுரை. இன்னிக்கே அச்சகத்துக்குப் போகுது, இனி ஒரு எழுத்து மாத்த முடியாது.” கட்டுரையின் தலையில் சிவப்பாகக் குத்தினார்.

அவமானம் ஒரு பக்கம் எரிந்தது. ஆனாலும் வந்துவிட்டது, அச்சில் வந்துவிட்டது என்று மனசு இன்னொரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. காலி டப்பாக்களைக் கட்டிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். அங்கே குடையை ஊன்றிக்கொண்டு நிஷிகோரி நின்றிருந்தார்.

“உங்களையும் சந்தி சிரிக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க,” என்றாள். “ஆமா, நீங்க ஏதோ கேக்கணும்னீங்களே மத்தியானம்? இப்பக் கேளுங்க.”

“இப்பக் கேட்டு என்னம்மா,” என்றார் நிஷிகோரி. “அண்ணன் எழுதின பதினோரு பதிலைக் காப்பகத்துல வேற யாரோ குடும்பத்துக் கட்டுல சேர்த்துக் கட்டியிருக்காங்களே, கணினியில பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்.”