பதினேழு சதவீதம் ஈரம்

"பதினேழு சதவீதம் ஈரம் சார். பத்தைத் தாண்டினா கப்பல்ல ஏத்த முடியாது."

துறைமுக லேப் அம்மா சொன்னதும் ஏற்றுமதி மேலாளருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள் பெல்லட், நாற்பது வேகன் நிறைய வெளியே நிற்கிறது. கப்பல் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். "கப்பல் போச்சுன்னா நீயும் அப்படியே போயிடு" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"என் சரக்குல ஈரமா? ஆலையில நானே வாளியில அள்ளின சாம்பிள்மா இது! எவனையும் நம்பாம மூணு நாள் என் வீட்டு பால்கனியில வச்சிருந்தேன். நல்லாக் காயட்டும்னு வாளி மூடியைக்கூடத் திறந்து வச்சேன். வீட்ல என் பொண்ணும் பூனையும்தான். நேத்துதான் சரக்கு ரயில்ல, கடைசியில கார்டு உட்கார்ற பெட்டியில ஏத்தினேன். அங்கதான் தண்ணி ஊத்தியிருக்காங்க!"

"குடிக்கவே தண்ணியில்லாம வந்தேன் சார்" என்றார் வாளியோடு வந்திருந்த ரயில் கார்டு.

மேலாளர் விடவில்லை. மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிச் சரக்கு ரயில் அதிகாரியின் மேஜையில் அறைந்தார். அதிகாரி நிதானமாகப் படித்தார்.

"சரி சார். விசாரணை முடியற வரைக்கும் ஒரு வேகனையும் திறக்கக் கூடாது."

"யோவ்! உங்க ஆளைத் திட்டத்தானே எழுதினேன், என் வேகனைப் பூட்டச் சொல்லியா எழுதினேன்?"

என்ன அநியாயம் இது! நியாயம் கேட்டவன் சரக்கையே பூட்டுகிறார்கள். மேலாளர் வாளியைப் பிடுங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினார். அதில் இருந்த பெல்லட்டை எல்லாம் பெரிய சட்டியில் கொட்டி, ஈரம் போக அடுப்பில் வைத்துக் கிளறினார். ஐந்தே நிமிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு வெளியே ஓடினார்கள்.

"சார், இது மர வாசனை இல்ல" என்றார் சமையல்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"உனக்கு என்னய்யா தெரியும்? இது ஏற்றுமதித் தரம்!"

கார்டோடும் அதிகாரியோடும் பின்னாலேயே வந்த லேப் அம்மா ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, 'ரசாயனக் கலப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபத்தான சரக்கைத் தொடவே மாட்டேன் என்று கப்பல் கேப்டனிடமிருந்து உடனே தகவல் வந்தது.

மணி மூன்றே முக்கால். முதலாளி அழைத்தார். அத்தனை பேரும் கேட்கட்டும் என்று மேலாளர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"சதி சார் இது! என் வாளியில கை வச்சது யாரா இருந்தாலும் விட மாட்டேன். கண்டுபிடிச்சு உங்க முன்னாடி கொண்டுவந்து நிறுத்தறேன்!"

"நிறுத்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

கார்டு, அதிகாரி, லேப் அம்மா, சமையல்காரர் என்று ஒருவர் விடாமல் முறைத்தார் மேலாளர். அதற்குள் மறுபடி ஃபோன் அடித்தது. அதே ஸ்பீக்கரில் மகளின் குரல் கணீரென்று கேட்டது.

"அப்பா, பால்கனியில இருந்த பூனை வாளியை எங்கப்பா கொண்டுபோனீங்க? மூணு நாளா சமத்தா அதுலதான் ஒண்ணுக்குப் போயிட்டிருந்துச்சு, இப்போ உங்க புது ஷூவுல போகுது!"