கம்ப்ளேன் டீச்சருக்கு ஒரு புகார்

அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தெக்கா ஈரச்சந்தையில் என் காய்கறிக் கடை முன்னால் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான், உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்த என் மகள் யாழினி, முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீன ஆன்ட்டி, அப்புறம் கம்ப்ளேன் டீச்சர். என் மானம் போனதற்குச் சாட்சி இவ்வளவு பேர்தான் என்பதால் எண்ணி வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் அபராதத்துக்குப் பயப்படாதவர்கள்கூட இருக்கலாம். கம்ப்ளேன் டீச்சருக்குப் பயப்படாத கடைக்காரர் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எதிர்க் கடைவீட்டு மாடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்தார். யாழினியும் அங்கேதான் படித்தாள். முதல் வகுப்பிலேயே கட்டுரைத் தலைப்புகளை எல்லாம் ஒழித்துக்கட்டிவிட்டார்.

"சுற்றுலா போன கட்டுரையை உங்க போன் மூணு செகண்ட்ல எழுதிடும். ஆனா உங்களுக்கு யார் மேல கோவம்னு அதுக்குத் தெரியாது. அதை எழுதுங்க."

நிஜமான ஆளுக்குத்தான் புகார்க் கடிதம் எழுத வேண்டும். கையால் எழுத வேண்டும். நடந்து போய் நேரில் கொடுக்க வேண்டும். பதிலையும் எழுத்தில் வாங்கி வர வேண்டும். அந்தப் பதிலையும் டீச்சர் திருத்துவார். பதில் தேறாதவரை பிள்ளைக்கு அடுத்த பாடம் கிடையாது.

விக்னேஷ் என்ற பையன் பரோட்டாக் கடைக்கு எழுதிய கடிதம், "தங்கள் மேன்மைமிகு உணவகத்தின் சாம்பார் குறித்து" என்று ஆரம்பித்ததாம்.

"இதை எழுதுனவன் சாம்பாரே சாப்பிட்டதில்ல. போய்ச் சாப்பிட்டுட்டு வந்து எழுது" என்றார் டீச்சர்.

போனான், சாப்பிட்டான், எழுதினான்: "அண்ணே, சாம்பாரில் கேரட்டைத் தேடினேன். என் முகம்தான் தெரிந்தது." பரோட்டாக் கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தார். மறுநாள் சாம்பாரில் கேரட் வந்துவிட்டது.

கோபத்துக்கு மார்க் போட்ட ஒரே ஆசிரியர் அவர்தான். "இது கோவமா? கெஞ்சல் லா இது. போய்க் கோவப்பட்டுட்டு வா" என்று விரட்டுவார். பிள்ளைகள் ஒன்றுகூடி அவர் மேலேயே புகார் எழுதினார்கள். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து.

நான் பிறவிக் கவலைக்காரன். கீரை வாடிவிடுமோ என்று கவலைப்படுவேன். வாடாவிட்டால், ஏன் இன்னும் வாடவில்லை என்று கவலைப்படுவேன். டீச்சர் சனிக்கிழமைதோறும் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்க வருவார். அவர் பையில் என் மேல் ஏதாவது புகார் இருக்குமோ என்று அந்தப் பக்கமே நான் திரும்ப மாட்டேன். அந்தச் சனிக்கிழமை பையிலிருந்து கடிதம் வரவில்லை. யாழினி நீட்டினாள்.

"அங்கிள், சம்மன் ஆ?" என்றார் சீன ஆன்ட்டி, முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு.

பிரித்துப் படித்தேன்: "அப்பா, நான்கு வருடமாகப் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு நீங்கள் ஒரு தடவைகூட வரவில்லை. கடையில் வேலை என்கிறீர்கள். கடை ஒரு மணிக்கு மூடும். சந்திப்பு மூன்று மணிக்கு. உங்களுக்குப் பள்ளியைப் பிடிக்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா? எழுத்தில் பதில் தரவும்." ஓரத்தில் சிவப்பு மையில்: "நல்ல கோபம். 9/10."

எழுத்தில்! உயர்நிலை இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டையில் 'வெண்டைக்காய்', 'கத்தரிக்காய்'தான்.

"வாயால சொல்லிடறேனே டீச்சர்?"

"அவ எழுதித்தானே கேட்டா, அண்ணே?"

"அவளுக்கு ஓ லெவல் பரீட்சை வருது டீச்சர்."

"ஆமா. நீங்க பதில் தர்ற வரைக்கும் இந்தப் பாடத்துலயேதான் நிப்பா. சீக்கிரம் எழுதுங்க லா."

"கடையில் வேலை" என்று எழுதிக் கொடுத்தேன். "கடிதத்தைப் படித்தீர்களா? மறுபடி எழுதவும்" என்று திரும்பி வந்தது. "முழங்கால் வலி" என்றேன். "எந்தக் கால்?" என்று வந்தது. ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டு "இடது" என்று எழுதினேன். "போன வாரம் வலது காலைத்தானே நொண்டினீர்கள்?"

அதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. மற்ற பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட, யாழினி மட்டும் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டிலும் பேச்சு நின்றுபோனது.

கடையை மூடிவிட்டு, தக்காளிப் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். வெங்காய மூட்டை தூக்கும்போதுகூட அப்படி விரல் வலித்ததில்லை.

"யாழினி, உன்னைப் பிடிக்கும். உன் பள்ளியையும் பிடிக்கும். அங்கே பெற்றோரிடம் ஒரு படிவம் தருவார்களாமே. அதை நிரப்பத் தெரியாமல் உன் முன்னால் முழிப்பேனோ என்று பயம். அப்பா."

அந்த அட்டை டீச்சரின் சிவப்பு மையோடு திரும்பி வரவில்லை. யாழினிதான் வந்தாள், கையில் அட்டையோடு.

"ஐயோ அப்பா! அந்த ஃபார்ம்ல வெறும் கையெழுத்துதான் லா போடணும்!"

"வெறும் கையெழுத்தா?"

"அதுக்கா நாலு வருஷம்?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "தெரியலன்னு சொல்லியிருந்தா நான் சொல்லித் தந்திருப்பேன்ல?"

அடுத்த சந்திப்புக்குப் போனேன். என் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருக்கிறதா என்று மூன்று தடவை கவலைப்பட்டுப் போட்டேன். அன்று பேனாவைப் பிடித்தவன் இன்னும் கீழே வைக்கவில்லை; இப்போது பத்திரிகைக்கும் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை ஆசிரியர் என் மேல் புகார் எழுதும்வரை வைப்பதாகவும் இல்லை.

கம்ப்ளேன் டீச்சர் வகுப்பைப் பாசிர் ரிஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நடந்து போய்க் கொடுக்கும் தூரமில்லை. ஆகவே விதியை மீறி, இங்கே போடுகிறேன்.

டீச்சர், சனிக்கிழமைதோறும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை உங்களுக்கென்று இன்னும் எடுத்து வைக்கிறேன். ஒரு மணிக்குக் கடை மூடும்போது அது வாடியிருக்கிறது. இதுதான் என் புகார். எழுத்தில் பதில் வேண்டாம். நேரில் வரவும்.