இன்றைக்கு நமக்கு என்ன வியாதி?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கிறோம். அளவுக்கு மீறிய நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எழுதிக்கொள்வது என்றேனே தவிர, எழுதவில்லை. மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு நடுவே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவை அனுப்பினால் தட்டச்சு செய்து உரியவருக்கு நேராக அனுப்பிவைக்கும் நிறுவனம் ஒன்றை இணையத்தில் பிடித்தேன். சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டார்களாம், ஐயம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் குறிப்பு மட்டும் போடுவார்களாம். தட்டச்சருக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். ரகசியத்துக்கு இதைவிட என்ன வேண்டும். கையால் எழுதாததற்குக் காரணம், தங்கள் தங்கைக்கு ஒத்தாசையாகப் பூசணிக்காய் நறுக்கப் போய் வலது கட்டைவிரலில் விழுந்த மூன்று தையல் (சொன்னபடியே தட்டச்சு செய்யப்பட்டது).

தங்கை ஆறு மாதமாக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர்கள் வாயால் சொல்லும் அறிக்கையைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. சாப்பாட்டு மேசையில் பாதி கணினி, பாதி காய்கறி. மேசைக்கடியில் ஒரு மிதி இருக்கிறது. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திக்கொள்வார். இந்த வசதிக்குப் பழகியதிலிருந்து, நான் பேச ஆரம்பித்தாலும் அவள் கால் தானாக மேலே எழும்புகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். காலையில் எந்த நோயாளியின் அறிக்கை வருகிறதோ, மதியம் அவருடைய சாப்பாடுதான் எங்களுக்கு. பெயர், ஊர் எதையும் மூச்சுவிடமாட்டாள், தொழில் தர்மம். ஆனால் ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் உணவு ஆலோசனை என்று ஒரு பத்தி வருமாம், கேட்கக் கேட்க ‘இது நமக்கும் நல்லதுதானே’ என்று தோன்றிவிடுகிறதாம். திங்கட்கிழமை யாருக்கோ பித்தப்பை, எங்களுக்கு எண்ணெய் இல்லை. செவ்வாய்க்கிழமை யாருக்கோ சிறுநீரகம், எங்களுக்கு உப்பு இல்லை. புதன்கிழமை கீரை, பூண்டு, பால் என்று ராஜ உபசாரம், கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடையை அரைமணி நேரம் கூடுதலாகச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன், கை கழுவிய பிறகுதான் தெரிந்தது, அது பிரசவ வார்டு. வியாழக்கிழமை கஞ்சியை வடிகட்டி உறிஞ்சுகுழாயோடு வைத்தாள், யாருக்கோ தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்களாம். எனக்குப் பல் முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு மச்சான், ஆனாலும் உறிஞ்சினேன்.

“என்னம்மா இது, நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“அவரும் போன மாசம் வரைக்கும் அப்படித்தான் சொன்னாராம்.”

நம்ம வாலு இருக்காளே, உங்க மருமக, பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் பையைக்கூட எறக்காம என் காதுல வந்து கேக்குறா: “அப்பா, இன்னைக்கு நமக்கு என்ன வியாதி?”

போன வாரம் விடிவு வரும்போல் இருந்தது. சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். “சாப்பிட்ட தட்ட அவங்கவங்களே கழுவி வைக்கணும், எத்தன தடவ சொல்றது” என்றாள். அவள் விரல்கள் அப்போது ஓர் இதய நோயாளியின் அறிக்கையில் இருந்தன. வாய் சொன்னதை விரல் கேட்டுவிட்டது. மூன்று மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் அடுத்தபடியாக ‘சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவி வைக்கவும்’ என்று போய், டாக்டர் படிக்காமல் கையெழுத்தும் போட்டுவிட்டார். இத்தோடு வேலை போய்விடுமே என்று கனத்த மனத்துடன் காத்திருந்தேன் (ஒலியில் சிரிப்புச் சத்தம்). நடந்தது என்னவென்றால், அந்த நோயாளியின் மனைவி மருத்துவமனைக்குப் போன் செய்து, பதினைந்து வருடத்தில் யாரும் தராத மருந்து என்று நன்றி சொல்லியிருக்கிறார். டாக்டர் இனி எல்லா அறிக்கையிலும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். நிறுவனம் தங்கள் தங்கையை நிரந்தரமாக்கி, தினம் எட்டு மணி நேரம் வேலை தருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எட்டு மணி நேரத்துல எத்தனை வியாதி வரும், நீங்களே யோசிச்சுப் பாருங்க மச்சான். “அண்ணன் என்ன சொல்றாரோ அதான்” என்று இருக்கிறாள். நான் பேசினால் கால் எழும்பிவிடும். ஆகவே தாங்கள் ஒரு போன் போட்டு, “வேணாம்மா, உடம்பு கெட்டுரும்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உடம்பு என்றதும் ஒன்று, தங்களிடம் மட்டும். போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் மளமளவென்று இறங்கியிருக்கிறது. “வீட்ல யாருங்க சமையல்? அவங்க சொல்றதக் கேட்டு நடங்க” என்றார் டாக்டர். இது தெரிந்தால் ஆயுசுக்கும் கஞ்சிதான். ரிப்போர்ட்டைக் கடை அலமாரியின் மூன்றாவது தட்டில், ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மற்றபடி தெருமுனை பேக்கரி பக்கம் நான் தலைவைத்தும் படுப்பதில்லை (சில சொற்கள் தெளிவில்லை; ஏதோ மெல்லும் சத்தம்).

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் குடும்பத்துக்கு நல்ல பசியும் அதற்குத் தகுந்த உப்பும் என்றென்றும் கிடைக்க வேண்டும்.

பின்குறிப்பு: இது தங்கள் தங்கையின் காதுக்கு எட்டக் கூடாது.

தட்டச்சர் எண் 14-இன் குறிப்பு: அண்ணா, இரண்டு காதுக்கும் எட்டிவிட்டது, ஹெட்போன் போட்டிருந்தேன். எங்கள் நிறுவனம் கடித வேலையை வேறு பெயரில் எடுக்கிறது, பாவம், அவருக்குத் தெரியாது. விதிப்படி ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் விரலை வெட்டியது பூசணிக்காய் இல்லை, கடையில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டின்னின் மூடி. வேலையை ஏற்றுக்கொள்வதாகத் திங்கட்கிழமையே எழுதிவிட்டேன். அண்ணனைக் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொன்னது, ஒரு வாரம் நிம்மதியாக வேலை பார்ப்பதற்காக. இப்போது அவர் பேக்கரிக்குப் போயிருக்கிறார். கீழே போய் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன், இரண்டு தடவை. போன வருடம் அவர் மயங்கி விழுந்தபோது நீங்கள்தானே வந்து பார்த்தீர்கள், அதனால் சொல்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது. அவருக்குப் போன் செய்து, “கடிதம் கிடைத்தது, யோசிக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மணி பன்னிரண்டாகிறது. இன்றைக்கு அவருக்கு என்ன வியாதி என்று இன்னும் முடிவு செய்யவில்லை.