ஹாலில் வளர்ந்த பிரேசில் விசிறி

எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றி அரை மணி நேரம் தடங்கலில்லாமல் பேச என்னால் முடியும். தெரிந்த விஷயமென்றால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வராது. இந்தத் திறமையால் எனக்கு இரண்டு முறை வேலை கிடைத்திருக்கிறது. ஒரு முறை கல்யாணம் நிற்கப் பார்த்தது.

2007ஆம் வருஷம். விவசாயப் படிப்பை முடித்துவிட்டுக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லில் புகையான், கத்திரியில் காய்ப்புழு, இந்த இரண்டுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மருந்து சொல்வேன். மூன்றாவதாக ஒரு பயிரைக் கொண்டுவந்து காட்டினால் அதற்கும் சொல்வேன், குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன். (அப்படிக் கேட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.)

அந்தத் தை மாதம் சிதம்பரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் பெயர் கவிதா. அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், கணக்கு வாத்தியாராக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். கேசரியையும் காபியையும் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மருந்துக்கடை மாப்பிள்ளை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது கேசரித் தட்டைத் திரும்ப வாங்கிய வேகத்திலேயே தெரிந்தது. கவிதாவோ என்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்திருந்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்கிற நிலைமையில் நான் இருந்தேன்.

"தம்பி அக்ரி படிச்சவர்தான? இந்தச் செடிய ஒரு பார்வ பாருங்க" என்றார் தலைமையாசிரியர்.

ஹாலின் மூலையில், டியூப் லைட்டுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் ஒரு செடி. விரல்களை விரித்தாற்போல் இலைகள், ஓரமெல்லாம் பல் பல்லாக. மாடியில் குடியிருந்த கல்லூரிப் பையன்கள் திடீரென்று காலி செய்துகொண்டு போனபோது அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதாம். "வெயில் ஆவாது சார், வீட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க, யாருக்கும் காட்டாதீங்க, கண்ணு பட்டா வாடிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பயபக்தியோடு தொட்டியில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தார். கயிறு கட்டியாகிவிட்டது என்ற தைரியத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டும் இருந்தார்.

கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. இலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"அசுவினி சார். எடுத்துடலாம்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"செடி என்னா செடி?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு செடியை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில், என் அம்மா அப்பா, பெண்ணின் சித்தி சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்திருக்க, விவசாயம் படித்த மாப்பிள்ளை செடியைப் பார்த்துத் தெரியாது என்று சொல்வதா?

"பிரேசில் விசிறி சார்" என்றேன்.

"பொட்டானிக்கல் பேரு?"

கணக்கு வாத்தியார் இவ்வளவு தூரம் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஃபேனியா பிரேசிலியென்சிஸ்" என்றேன். மறுவாரம் போனபோது தொட்டியில் ஒரு அட்டை தொங்கியது. முத்து முத்தான கையெழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் என் பொய்யை எழுதி, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்.

செடி பிழைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்று தரகர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். முதல் வாரம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். அசுவினி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த வீட்டில் காபி, சாம்பார், பூஜை அறைக் கற்பூரம் எல்லாவற்றிலும் நான்கு நாளைக்கு வேப்பெண்ணெய் வாசனை அடித்ததாம். கவிதாவின் அம்மா இதை எந்தக் குறையும் இல்லாத குரலில், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

இரண்டாம் வாரம் ஒரு தகரத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, கிரீஸ் தடவி, செடி பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மஞ்சளைப் பார்த்துப் பறக்கிற பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டை. முதுகில் தோசை அளவுக்கு கிரீஸோடு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய், காலை வழிபாடு நடத்தி, எட்டாம் வகுப்புக்குப் பாடமும் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

மூன்றாம் வாரம் பொறிவண்டு. அசுவினியை வஞ்சனையில்லாமல் தின்னும் வண்டு அது. புவனகிரிப் பக்கம் ஒரு உளுந்து வயலில் இறங்கி, ஊறுகாய் பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு போனேன். ஹால் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு பாட்டிலைத் திறந்தேன். பாதி வண்டு செடிக்குப் போனது. மீதி டியூப் லைட்டுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது.

"இது சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று கவிதா கேட்டாள். அவள் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

"ஒண்ணும் ஆவாது. புரோட்டீன்" என்றேன். இதுவும் எனக்குத் தெரியாது.

நான்காம் வாரம் போனபோது ஒரு அசுவினிகூட இல்லை. இலைகள் பளபளவென்று ஆளை அழைத்தன. செடி என் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. தலைமையாசிரியர் முதல் தடவையாக என்னை "மாப்ள" என்று கூப்பிட்டார். மாசி கடைசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு என் தாய்மாமனும் வந்தார். மதுவிலக்கு போலீஸில் ஏட்டு. பெண் பார்த்த அன்று டியூட்டி என்பதால் வர முடியவில்லை. அதிகம் பேசாத மனிதர். எல்லாருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் ஹால் மூலையில், செடிக்கு எதிரில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குனிந்து அட்டையைப் படித்தார். நிமிர்ந்து இலையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

"வாத்தியாரய்யா, இதுக்கு என்னா பேரு சொன்னீங்க?"

"பிரேசில் விசிறி. ரொம்ப அபூர்வம்."

"நாங்க இத வேற பேர்ல கூப்புடுவோம்" என்றார் ஏட்டு மாமா. பிறகு ரொம்பவும் மரியாதையான குரலில், "கஞ்சா" என்றார்.

தாம்பூலத் தட்டைத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. தலைமையாசிரியர் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்குத் தெரியாதுங்க. மாப்ளதான் பேரு சொன்னாரு. அவரு அக்ரி படிச்சவரு. அவருதான் பூச்சி எடுத்துக் காப்பாத்துனாரு" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நேரத்திலும் அவர் என்னை நம்பி, நான் எழுந்து ஏட்டுக்கு விளக்கிச் சொல்வேன் என்று காத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாங்க முடியவில்லை என்றேனே தவிர, உடனே திருந்திவிடவில்லை. "மாமா, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். இது அலங்காரச் செடி வகையில..." என்று ஆரம்பித்தேன்.

"டேய்" என்றார் ஏட்டு மாமா. "இருவது வருஷமா இததான் புடுங்கிகிட்டு இருக்கேன். கல்வராயன் மலையில புடுங்கியிருக்கேன், ஆத்தங்கரையில புடுங்கியிருக்கேன். ஒண்ணு சொல்றேன். இவ்ளோ ஆரோக்கியமா ஒரு செடிய நான் பாத்ததே இல்ல. இலையில ஒரு புள்ளி இல்லடா." (என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான்.)

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அறை வாசலில் பட்டுப்புடவையோடு கவிதா நின்றிருந்தாள். இந்தப் பெண் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தோன்றியது. இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்பதால் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அந்தச் செடி பேரு தெரியாது சார். மொத நாளே தெரியாது. நானா கட்டிச் சொன்னது. பொட்டானிக்கல் பேரும் நான் கட்டுனதுதான்."

தலைமையாசிரியர் அட்டையைக் கழற்றினார். பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததால் கிழிக்க வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வருஷம் சர்வீஸ்" என்றார் தரையைப் பார்த்து. "தெரியல சார்னு சொன்ன பையன நான் அடிச்சதே இல்ல. தெரிஞ்ச மாதிரி எழுதி வெச்சான் பாரு, அவனத்தான் அடிச்சிருக்கேன். உங்கள என்னா பண்றதுன்னு தெரியல."

 என் அப்பா செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணாலேயே தேட ஆரம்பித்திருந்தார். அப்போது கவிதா சொன்னாள்.

"தெரியலன்னு சொல்ல அவுங்களுக்கு ஒன்ற மாசம் ஆச்சுப்பா. சொல்லிட்டாங்க இல்ல. இனிமே சீக்கிரம் சொல்ல நான் பழக்கிக்கறேன்."

அவள் அம்மா அவளை உள்ளே இழுத்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான். தலைமையாசிரியர் மகள் போன பக்கம் பார்த்துவிட்டு ஏட்டு மாமாவிடம் திரும்பினார். "செடிய என்னா பண்றது?"

"நான் புடுங்கி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடறேன். தெரியாம வெச்சிருந்தோம்னு நீங்க ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க. அது வெளிய போவட்டும், அப்புறம் தட்ட மாத்திக்கலாம்."

நிச்சயப் பத்திரிகை எழுத வைத்திருந்த தாளில், மஞ்சள் தடவிய மூலைகளோடு, போலீஸுக்குக் கடிதம் எழுதப்பட்டது. தலைமையாசிரியர் பத்தி பிரித்து எழுதினார். ஏட்டு மாமா வாங்கிப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"'மேற்படி செடியை அசுவினி தாக்கியபோது எனது வருங்கால மருமகன் மூன்று வாரம் வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தினார்.' அய்யா, இந்த வரிய மட்டும் அடிச்சிடலாமே."

"நடந்தத நடந்தபடிதான எழுதணும்" என்றார் அவர்.

அடிக்கவில்லை. அந்த வரியோடுதான் கடிதம் போனது. படித்த இன்ஸ்பெக்டர், "யாருய்யா அந்த டாக்டரு?" என்று கேட்டாராம். ஏட்டு மாமா, தன் அக்கா மகன் என்று சொல்லிக்கொள்ளாமல், "நமக்குத் தெரிஞ்ச பையன்தான் சார்" என்று சொல்லி வைத்தாராம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து ஏட்டு மாமாதான் போட்டார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்குப் புதிதாக ஒரு தொட்டிச் செடி வந்தாலும், நான் உள்ளே நுழைந்ததும் என் மாமனார் பேச்சை நிறுத்திவிடுவார். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, செடியைக் காட்டி, "மாப்ள, இது என்னா செடி?" என்று கேட்பார். எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள்.

போன மாதம் அவர் காட்டியது துளசி.

"தெரியல மாமா" என்றேன்.

"துளசி" என்றார் அவர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.